காதில் ஒரு துரும்பு

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில், நகைக் கடன் கவுண்ட்டருக்கு முன்னால், மாசத்தில் சில தடவையாவது ஒரே காட்சி நடக்கிறது. நாமக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த பெண் தோட்டின் திருகைக் கழற்றி மேஜைமேல் வைக்கிறாள். அப்ரைசர் உரைகல்லில் உரசுகிறார், தராசில் போடுகிறார், கல்லுக்கும் அரக்குக்கும் எடை கழித்து மிச்சத்தைச் சீட்டில் எழுதுகிறார். செய்கூலிக்கென்று அந்தச் சீட்டில் பத்தி கிடையாது. யாரோ ஒரு ஆசாரி கண்ணைக் கெடுத்துக்கொண்டு வைத்த அரும்புகள் அந்த நிமிஷத்தோடு இல்லாமலாகிவிடுகின்றன. பணத்தை எண்ணி முடிந்துகொண்டு வெளியே வந்தவள் படிக்கட்டில் நின்று, கொண்டுவந்திருந்த விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்துக் காதில் செருகிக்கொள்கிறாள். ஒரு முறை கேட்டேன். "தொளை தூந்து போயிருமுங்க தம்பி" என்றாள். நகையின் சரித்திரம் அந்தப் படிக்கட்டில் பின்னோக்கி நடந்துகொண்டிருக்கிறது என்று அன்று தோன்றியது.

ஓலை என்றால் எழுதப்படுவது என்று மட்டுமே நமது இலக்கியப் பிரக்ஞை பழகியிருக்கிறது. பெண்கள் காதில் அணிவதற்கும் அதே பெயர்தான். பனையோலையைச் சுருட்டி மடலின் துளைக்குள் வைத்தால் அது விரியப் பார்க்கும், துளை தடுக்கும். அந்த விசையே பூட்டு. திருகு வேண்டாம், கொக்கி வேண்டாம். பின்னால் பொன்னில் செய்தபோதும் பெயர் ஓலையாகவே நின்றுவிட்டது. தோடு என்ற சொல்லுக்கும் இதழ், ஓலை என்ற பொருள்கள் உண்டு. சிற்ப சாஸ்திரம் சொல்லும் பத்ர குண்டலமும் இலைச் சுருள்தான். டி. ஏ. கோபிநாத ராவ் 1914இல் வெளியிடத் தொடங்கிய விக்கிரகவியல் நூலில் குண்டல வகைகளுள் ஒன்றாக அதைச் சேர்த்திருக்கிறார். (தாலியைத் தாலப் பனையோடு முடிச்சுப் போடுபவர்களும் இருக்கிறார்கள். அந்த முடிச்சில் எனக்கு நம்பிக்கை குறைவு.)

இந்தச் சமவெளியில் எங்கே நின்றாலும் கண்ணில் படுகிற மாதிரி திருச்செங்கோட்டு மலை நிற்கிறது. மேலே இருப்பது அர்த்தநாரீஸ்வரர். ஒரு காதில் ஆணின் குழை, மறு காதில் பெண்ணின் தோடு என்பது அந்த வடிவத்தின் லட்சணம். கல்லிலும் வெண்கலத்திலும் அந்த இடது காதைச் செய்தவன் ஒரு இலையின் ஞாபகத்தைத்தான் செய்துகொண்டிருந்தான். அதாவது தங்கம்தான் இங்கே போலி, மூலம் ஓலை.

ஐரோப்பாவில் துரும்புக்கு நேர்ந்தது வேறு. ரை என்ற புல்தானியத்தின் தாளை நீளவாட்டில் பிளந்து, எலும்புக் கருவியால் தேய்த்துத் தட்டையாக்கி, சாயமேற்றி, பசை தடவி மரத்தின்மேல் பக்கம் பக்கமாக ஒட்டுவது. மார்க்கெட்ரி என்பார்கள். தாளின் மேல்தோலில் இயற்கையாகவே சிலிக்கா இருப்பதால் வார்னிஷ் தேவையில்லை. இழையின் திசையை மாற்றி ஒட்டினால் ஒரே நிறம் இரண்டு நிறமாகத் தெரியும். கை அசைந்தால் வெளிச்சம் இடம் மாறும். பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே பிரான்ஸில் இது நடந்து வந்திருக்கிறது. ஆனால் என்னை நிறுத்தியது இங்கிலாந்தின் நார்மன் கிராஸ். 1797இலிருந்து 1814வரை பிரெஞ்சுப் போர்க் கைதிகளை அடைத்துவைத்த இடம். கைதிகள் சமையல் எலும்பில் கப்பல் செய்தார்கள், வைக்கோலால் பெட்டிகளை இழைத்தார்கள், சிறை வாசல் சந்தையில் விற்றார்கள். தொப்பிக்கான வைக்கோல் பின்னலுக்கு மட்டும் தடை வந்தது, உள்ளூர்ப் பின்னல்காரர்களின் பிழைப்பைக் கெடுக்கிறது என்று. பின்னல் கள்ளத்தனமாக வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது. அந்தப் பெட்டிகள் இன்று பீட்டர்பரோ மியூசியத்தில் இருக்கின்றன. 1920களில் ழான் மிஷெல் ஃபிராங்க் பாரிஸ் பணக்காரர்களின் சுவர்களை இதே வைக்கோலால் மூடினார். கைதியின் பொழுதுபோக்கு வரவேற்பறைக்குள் வருவதற்கு நூறு வருஷத்துக்கு மேல் பிடித்திருக்கிறது. இப்போது அங்கே சிலர் இதை வெள்ளி, பித்தளை விளிம்புக்குள் அடக்கிக் காதணியாகவும் புரூச்சாகவும் செய்கிறார்கள். பொருளின் விலை அநேகமாகப் பூஜ்யம், இருப்பதெல்லாம் செய்கூலி. எங்கள் சீட்டுக்கு நேர் தலைகீழ்.

நம் வட்டத்தில் ஆனந்த குமாரஸ்வாமியை நடராஜருக்காகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். 1908இல் வந்த சிங்களக் கலை பற்றிய நூலில் அவர் பாய் முடைதலுக்கும் இடம் கொடுத்திருப்பதை யாரும் பேசிக் கேட்டதில்லை. கேரளத்தில் வைக்கோலைக் கறுப்புத் துணிமேல் ஒட்டிப் படகும் தென்னையுமாகச் சித்திரம் செய்கிறார்கள். அது சுற்றுலாக்காரனின் சுவரோடு நின்றுவிட்டது. தஞ்சை ஜில்லாவில் மாட்டுப் பொங்கலுக்கு நெட்டி மாலை கட்டுகிறார்கள். துரும்பு நகையை நாம் மாட்டுக்கு மட்டும் கூச்சமில்லாமல் போடுகிறோம். சேலத்தில் வெள்ளிக் கொலுசு வேலை வீடு வீடாக நடக்கிறது. கம்பி இழுப்பவர், பற்றவைப்பவர், சலங்கை கோப்பவர் எல்லோரும் கிராம் கணக்கில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சின்ன வயதில் என் அம்மாயி சோளத்தட்டின் மினுங்கும் தோலை நகத்தால் கிழித்து, உள்ளிருக்கும் தக்கையில் செருகி, மூக்குக் கண்ணாடியும் மோதிரமும் செய்து தருவாள். சாயங்காலத்துக்குள் காய்ந்து உடைந்துவிடும். அவள் காதிலோ பவுன். அதை மாமாவின் கிணற்று வேலைக்காகக் கழற்றியபோது அவளும் வேப்பங்குச்சிதான் செருகினாள். அந்தக் குச்சியில் அழகைப் பார்ப்பது, இரண்டு தோடும் பத்திரமாக இருக்கிற வீட்டில் பிறந்தவனுக்கு மட்டுமே ஏற்படக்கூடிய ரசனை. பொன் கிணறாகும், ஆஸ்பத்திரி பில்லாகும். ரைத் துரும்பில் எவ்வளவு நுட்பமாக இழைத்தாலும் அது ஆகாது. இதை மறந்துவிட்டு நான் அப்ரைசரின் சீட்டைக் குறை சொல்ல முடியாது. அவருடைய எடைதான் கிணற்றை வெட்டியது. இருந்தும், அரும்பு வைத்த ஆசாரியின் விரலுக்கு எந்தப் பத்தியும் இல்லை என்பதும் அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்து யோசிக்க எனக்கு இன்னும் வரவில்லை.

மீட்க வருகிற நாளில் அவர்கள் கவுண்ட்டர் முன்னாலேயே குச்சியைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டுத் தோட்டைத் திருகுகிறார்கள். கண்ணாடி கேட்பதில்லை; விரலுக்கே வழி தெரிகிறது. சாயங்காலம் கிளையைப் பெருக்குகிறவர், அதே ஈர்க்கு விளக்குமாற்றால், அந்தத் துண்டுகளைச் சல்லான் கிழிசல்களோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகிறார்.