பெட்ரோலுக்கும் பிரஷர் உண்டு!

1938-ம் ஆண்டு, பிப்ரவரி 20. திருவனந்தபுரத்தில் புத்தம் புது பஸ் ஒன்று புறப்படத் தயாராக நிற்கிறது. பயணிகள் யார் தெரியுமா? திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாளும் அவர் குடும்பத்தினரும்! ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் சால்ட்டர் என்ற வெள்ளைக்காரர். லண்டன் நகரப் போக்குவரத்து நிறுவனத்தில் வேலை பார்த்தவரை, தன் பஸ் இலாகாவை நடத்த திருவிதாங்கூர் அரசு வரவழைத்திருந்தது. அரசு முதலில் கையில் எடுத்த பாதை, திருவனந்தபுரம் - கன்னியாகுமரி. நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூரின் தென்கோடி. தமிழ்நாட்டோடு அது இணைந்தது 1956 நவம்பர் 1-ல்தான்.

அந்த பஸ்களில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கம்மர் சேஸிஸ் மீது உட்கார்ந்திருந்தவை பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்கள். ‘அதனால் என்ன?’ என்கிறீர்களா? டீசல் எஞ்சினுக்கு கார்புரேட்டர் கிடையாது. ஒரு பம்ப் டீசலைப் பயங்கர அழுத்தத்தில் தள்ள, நாசில் அதைப் புகை மாதிரி பீய்ச்சும். அதாவது, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்! 1938-லேயே நாகர்கோவில் சாலையில் அது ஓடிவிட்டது. ஆனால், அதே நாகர்கோவிலில் நடுத்தரக் குடும்பம் வாங்கும் பெட்ரோல் காருக்குள் அது வந்து சேர இன்னும் அறுபது வருஷம் ஆனது. ஏன் இத்தனை தாமதம்?

பெட்ரோல் காருக்குத்தான் சுலபமான வழி ஒன்று இருந்ததே! எஞ்சின் மூச்சை இழுக்கும்போது ஒரு குறுகலான தொண்டை வழியாகக் காற்று பாயும். பாய்கிற வேகத்தில் அங்கே அழுத்தம் குறையும். பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் தானாகவே உறிஞ்சப்பட்டுக் காற்றோடு கலக்கும். இதுதான் கார்புரேட்டர். இதற்கு பெட்ரோலை அனுப்பும் பம்ப் கொடுத்த அழுத்தம் வெறும் 3, 4 பவுண்டுதான் (டயருக்குக் காற்று அடிக்கும்போது ‘முப்பது பவுண்டு’ என்கிறோமே, அதே கணக்கு). சித்திரை வெயிலில் எஞ்சின் சூடேறினால் இந்த லேசான அழுத்தத்தில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். கார் நடுரோட்டில் நிற்கும். டிரைவர் பானெட்டைத் திறந்து, பம்ப் மீது ஈரத் துணியைச் சுற்றிவிட்டு பீடி பற்றவைப்பார். அம்பாசடர் காலத்து ஆசாமிகளுக்கு இந்தக் காட்சி மறந்திருக்காது!

கார்புரேட்டரின் பலவீனத்தை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்தது ஒரு யுத்தம். 1940-ல் இங்கிலாந்தின் வானத்தில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஸ்மிட்டும் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயரும் மோதின. ஜெர்மன் விமானத்தில் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன். பிரிட்டிஷ் விமானத்தில் கார்புரேட்டர். ஜெர்மன் விமானி மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்து டைவ் அடிப்பார். துரத்திப் போகிற ஸ்பிட்ஃபயரின் எஞ்சினோ விக்கல் எடுத்துத் திணறும்! கிண்ணத்து பெட்ரோல் மேலே எழும்பிவிடும். அடுத்த கணம் பம்ப் முழு அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ள, எஞ்சின் அதில் மூழ்கிவிடும்.

வைத்தியம் சொன்னவர் ஒரு பெண். பீட்ரிஸ் ஷில்லிங் என்ற எஞ்சினீயர். மோட்டார் சைக்கிள் ரேஸில் கலக்கியவர். 1941-ல் அவர் செய்தது, நடுவில் துளை போட்ட ஒரு சின்ன உலோக வில்லை, அவ்வளவுதான்! எஞ்சின் முழு சக்தியில் ஓட எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ, அதற்கு மேல் ஒரு சொட்டும் அந்தத் துளையில் போகாது. நிரந்தரத் தீர்வு இல்லைதான். ஆனால் பெட்ரோல் பாய்வதைக் கட்டுக்குள் வைத்தால் எஞ்சின் கட்டுக்குள் நிற்கும் என்பது நிரூபணமாகிவிட்டது.

யுத்தம் முடிந்தது. 1958-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் சில கார்களில் ‘பெண்டிக்ஸ்’ கம்பெனியின் எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனைப் பொருத்தி விற்றது. படு தோல்வி! பெரும்பாலான கார்களில் பழையபடி கார்புரேட்டரே மாட்டப்பட்டது. அந்த யோசனையின் உரிமை ஜெர்மனியின் பாஷ் கம்பெனிக்குப் போனது. அவர்கள் 1967-ல் ஃபோக்ஸ்வேகன் காரில் அதை ஜெயிக்க வைத்தார்கள். பெயர், டி-ஜெட்ரானிக். அந்த ‘டி’ எதற்கு என்கிறீர்கள்? ஜெர்மன் மொழியில் ‘ட்ரூக்’ என்றால் அழுத்தம்!

அந்த ‘டி’ சொல்வது எஞ்சின் இழுக்கும் காற்றின் அழுத்தத்தை. சரி, பெட்ரோலின் அழுத்தத்துக்கு இதில் என்ன வேலை? நாஞ்சில் நாட்டு விவசாயியிடம் கேட்டால் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடுவார். பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்தது 1906-ல். அன்றிலிருந்து இந்தப் பக்கத்து வயல்களுக்கு ஷட்டரும் மடையும்தான் உயிர். வயலுக்கு எவ்வளவு தண்ணீர் பாயும்? இரண்டே விஷயம். மடை எவ்வளவு நேரம் திறந்திருந்தது, குளத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது. குளம் நிறைந்திருந்தால் அரை மணி நேரம் போதும். வற்றிக் கிடந்தால் அதே அரை மணியில் வரப்புகூட நனையாது!

இன்ஜெக்டர் ஒரு குட்டி மடை. கம்ப்யூட்டர் அதை ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரம் திறந்து மூடுகிறது. திறக்கும் நேரம் மட்டும்தான் அதன் கையில். ‘குளத்தின் மட்டம்’ மாறாது என்ற நம்பிக்கையில்தான் அது கணக்கே போடுகிறது. அந்த மட்டத்தைக் காப்பாற்றுகிற காவல்காரர்தான் பிரஷர் ரெகுலேட்டர். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு டயஃப்ரம். அழுத்தம் கூடினால், அதிகப்படி பெட்ரோலைத் திரும்ப டாங்குக்கே அனுப்பிவிடும். டி-ஜெட்ரானிக்கில் இதைத் திருகி அட்ஜஸ்ட் செய்ய ஒரு ஸ்க்ரூவே இருந்தது. பிறகு வந்த கம்பெனிகள் அதை சீல் வைத்துவிட்டன. காரணம், திருகுகிற கை சும்மா இருக்காது!

இந்தியாவுக்கு இது வந்ததற்குக் காரணம், காற்றில் கலந்த நஞ்சு. எம்.சி.மேத்தா 1985-ல் போட்ட வழக்கில், டெல்லி வட்டாரத்துப் புதிய கார்கள் யூரோ விதிகளுக்கு உட்பட வேண்டும் என்று 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கறாராக உத்தரவிட்டது. 2000 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் புதிய புகை விதி வந்தது. அதற்குள், 1998-லேயே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினோடு சான்ட்ரோ வெளியே வந்திருந்தது. மாருதி 800-ம் கார்புரேட்டருக்கு விடை கொடுத்தது. பெட்ரோலின் அழுத்தம் 3 பவுண்டிலிருந்து ஒரேயடியாக நாற்பதுக்கும் மேலே தாவியது. இந்த அழுத்தத்தில் பெட்ரோல் அவ்வளவு சுலபத்தில் ஆவியாகாது. ஈரத் துணிக்கும் வேலை போனது!

வேலை போனது துணிக்கு மட்டுமா? காதை வைத்துக் கேட்டே கார்புரேட்டரை ட்யூன் செய்த மெக்கானிக்குகள் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உண்டு. ஸ்க்ரூ டிரைவரை அரைச் சுற்று திருப்பி எஞ்சினைப் பாட வைத்தவர்கள். அவர்கள் முன்னால், திருப்புவதற்கு ஸ்க்ரூவே இல்லாத எஞ்சின் வந்து நின்றது. அந்தக் காதுக்குப் பதிலாக இப்போது வேண்டியது, ஒரு பிரஷர் மீட்டர்.

அதன் அருமை எங்கே தெரியும் என்றால், மேட்டில்! ‘டவுன்ல நல்லா ஓடுது அண்ணாச்சி, குலசேகரம் தாண்டி மேடு ஏறத்தான் இழுக்கமாட்டேங்கு’ என்று ஒருவர் வருகிறார். உடனே பிளக்கை மாற்று, இன்ஜெக்டரை மாற்று என்று ஆயிரக்கணக்கில் பில் ஏறும். ஆனால் மேட்டில்தான் எஞ்சின் அதிக பெட்ரோல் கேட்கும். ஃபில்டர் அடைத்திருந்தாலோ பம்ப் சோர்ந்திருந்தாலோ அங்கேதான் குட்டு வெளிப்படும். மீட்டரை மாட்டி, எஞ்சினை முறுக்கிப் பார்த்தால் முள் விழுவதைக் கண்ணாலேயே காணலாம். ரெகுலேட்டரில் வாக்வம் ஹோஸ் உள்ள காரானால், ஐடிலிங்கில் அதைக் கழற்றியதும் முள் பத்து பவுண்டு அளவுக்கு ஏற வேண்டும். ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். ரெகுலேட்டர் டாங்குக்குள்ளேயே இருக்கும் கார்களில் இந்த ஹோஸ் இருக்காது. எந்த காருக்கு எத்தனை பவுண்டு என்பது அதன் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது.

‘அழுத்தத்தைக் கூட்டினால் பிக்கப் எகிறும்’ என்று யாராவது ஆசை காட்டினால் ஏமாந்துவிடாதீர்கள். இரண்டு மடங்கு பெட்ரோல் பாய வேண்டுமானால் அழுத்தம் நான்கு மடங்கு ஆக வேண்டும். கொஞ்சமாகக் கூட்டினாலோ, சைலன்ஸர் குழாயில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சார் மோப்பம் பிடித்துவிடும். கம்ப்யூட்டர் மடையைச் சீக்கிரமே மூடி, பழைய கணக்குக்கே கொண்டுவந்துவிடும். கூட்டிய உங்களுக்கு மிஞ்சுவது, பம்புக்கும் ஹோஸுக்கும் கூடுதல் பாரம். நாற்பது பவுண்டில் ஒரு ஹோஸ் கிளாம்ப் கழன்றால், சூடான எஞ்சின் மீது பெட்ரோல் மழை!

ஆகவே, அடுத்த முறை கார் மேட்டில் முரண்டு பிடித்தால், பர்ஸைத் திறப்பதற்கு முன் மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்... ‘பிரஷர் பார்த்தீங்களா?’