படத்தொகுப்பும் மலையக உழைப்பும்: ஒரு குறிப்பு

இயற்கை பற்றிய விவரணப்படத்திற் கருத்து உருவாகுமிடம் ஒளிப்பதிவு மட்டுமன்று. எக்காட்சியை எதனுடன் இணைப்பது, அதன்மேல் எவ்வொலியை வைப்பது என முடிவுசெய்யும் படத்தொகுப்புமாகும். 1934இல் உருவான ‘சோங் ஒஃப் சிலோன்’ இதற்குத் தக்க சான்று.

இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபைக்காக ஜோன் கிறியர்சன் தயாரித்த இப்படத்தைப் பேசில் றைட் இயக்கித் தொகுத்தார். படப்பிடிப்பு இலங்கையில் நிகழ்ந்தது; ஒலித்தடமோ கவல்கன்ரியின் துணையுடன் இங்கிலாந்தில் அமைக்கப்பட்டது. மணியோசை கேட்கப் பறவையொன்று எழுந்து பறக்கும் புகழ்பெற்ற பகுதி இவ்விணைப்பின் விளைவே. தனித்தனியே பெறப்பட்ட ஓசையையும் பறத்தலையும் தொகுப்பே காரண காரியமாக்கிற்று.

‘வணிகத்தின் குரல்கள்’ என்னும் மூன்றாம் பகுதியில் இதே உத்தி சமூக உண்மையொன்றைத் தொடுகிறது. கொழுந்து பறிக்கும் பெண்களின் காட்சிமீது சந்தை விலைகளும் வணிகக் கடிதங்களும் ஒலிக்கின்றன. அவர்தம் உழைப்பு யாருடைய கணக்கிற் சேர்கிறது என்பதை, தேயிலை விளம்பரத்துக்கென எடுக்கப்பட்ட படமே உணர்த்திவிடுகிறது. ஆயினும், அத்தொழிலாளர் தம் வாழ்வைத் தம் மொழியிற் கூற அங்கு இடமளிக்கப்படவில்லை.

ஏறத்தாழ 1,891 மீற்றர் உயரத்திற் புகையிரத நிலையத்தைக் கொண்ட பட்டிப்பொல, ஹோர்ட்டன் சமவெளிக்குச் செல்லும் வழிகளுள் ஒன்று. 1988இல் தேசியப் பூங்காவாகிய அச்சமவெளியை மட்டும் காட்டி, அங்கு இட்டுச்செல்லும் இருப்புப்பாதையையும் அதன் அயலிலுள்ள தேயிலைத் தோட்டங்களையும் வெட்டிவிடும் படம், மனிதர் தொடாத இயற்கை என்னும் மாயையையே படைக்கும். நீக்கப்பட்ட காட்சிகளுக்கும் வரலாறு உண்டு. அவற்றைக் கேட்டு வாசிப்பது திறனாய்வாளரின் கடமையாகும்.