கரிசல் சீமை தந்த காப்பியப் புலவர்

 

மத்ரஸாக்களில் ஓதிய நாம் ஷைகு ஸஅதீ (ரஹ்) அவர்களின் குலிஸ்தான், போஸ்தான் ஆகிய பாரசீக நூல்களை அறிவோம். உருதுக் கவிஞர் இக்பாலின் பெயரும் நம் மேடைகளில் ஒலிப்பதுண்டு. ஆனால், கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில், எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவரை (1642–1703) நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

எட்டயபுரம் அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்ற உமறு, பின்னர் தாமும் அவ்வவையின் புலவரானார். ஆசிரியர் இந்து, மாணவர் முஸ்லிம். இருவரையும் இணைத்தது தமிழ்.

அந்நாளில் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறு அரபுக் கிதாபுகளில் இருந்தது. அரபு அறியாப் பாமரர்க்கு எட்டவில்லை. அக்குறை தீரக் கீழக்கரை வள்ளல் சீதக்காதி புலவரை வேண்டினார். வரலாற்றுச் செய்திகளைக் கேட்டு ஸதகத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களைப் புலவர் நாடியபோது, அவரது அரசவை உடையைக் கண்டு அப்பா அவர்கள் முதலில் மறுத்ததாகவும், பின்னர் மனம் இசைந்ததாகவும் வழிவழியாகக் கூறுவர். தோற்றத்தைக் கொண்டு மனிதரை எடைபோடும் ஆலிம்களாகிய நமக்கு இதில் படிப்பினை உண்டு.

வள்ளலின் மறைவுக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயர் ஆதரித்தார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து எனும் மூன்று காண்டங்களில் 5027 பாடல்களாகச் சீறாப்புராணம் உருவாயிற்று. நாயகம் (ஸல்) அவர்களின் மதீனா வாழ்வு நிறைவுறும் முன்பே நூல் நின்றது. எஞ்சியதைப் பனீ அகமது மரைக்காயர் 'சின்ன சீறா'வாகப் பாடினார். 1842இல் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் சீறாவை அச்சேற்றினார்.

வானம் பார்த்த பூமியில் வாழ்ந்த இப்புலவர், நாட்டுப் படலத்தில் அரபு நாட்டை வெள்ளம் பாய்ந்து நெல் விளையும் நாடாகப் பாடினார். இது அறியாமையன்று, தமிழ்க் காப்பிய மரபு. நபி பிறந்த மண்ணைத் தம் மக்களுக்குச் சொந்த மண்ணாக்கினார்.

ஒரு காலத்தில் நம் இல்லங்களில் சீறா ஓதப்பட்டது. இன்று அவ்வோசை அருகிவிட்டது. வரும் ரபீஉல் அவ்வலில் நம் மக்தபுப் பிள்ளைகளுக்கு ஒரு படலத்தையேனும் பொருளுரைத்துக் கற்பிப்போம். எட்டயபுரத்துக்கும் அழைத்துச் செல்வோம். வல்ல அல்லாஹ் நல்லருள் புரிவானாக! ஆமீன்.