பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வந்த கதை

1940களில் பெரும்பாலான பைக்குகளின் பின்சக்கரம் சேஸிஸோடு இறுகப் பூட்டப்பட்டிருந்தது. குலுக்கலைத் தாங்கியது சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங் மட்டும்தான்! பின்சக்கரம் ஆடினால் வளைவில் வண்டி அலையும் என்ற பயம் பலருக்கு.

இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு துணிந்து ஸ்விங் ஆர்மும் ஆயில் டேம்பரும் வைத்தது. 1948ல் இத்தாலியில் நடந்த ஆறு நாள் பந்தயத்தில் அந்த மாதிரி வண்டிகள் தங்கப் பதக்கம் வென்றன. பயம் போனது, 1949ல் புல்லட் 350 விற்பனைக்கு வந்தது. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் அது சென்னைக்கும் வந்துவிட்டது.

ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கும். துள்ளலை அடக்குவது ஆயில்தான். ஆயில் கசிந்தால் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. ஷாக் அப்சார்பரில் ஆயில் கறை தெரிந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்!