பூனைகளும் பூனைவணங்கியும்

அந்தமானில் வேலை பார்க்கும் நம்ம ஊர்க்காரர்கள் சிலர் இப்போது இணையத்தில் கேட்னிப் விதை வாங்குகிறார்கள். பொட்டலத்தில் மயங்கிக் கிடக்கும் ஒரு வெள்ளைப் பூனையின் படம். தொட்டியில் தூவினால் வீட்டுப் பூனையும் அப்படியே உருளுமாம். ஆசை நியாயமானதுதான். ஆனால் இதற்குப் பின்னால் கொஞ்சம் சரித்திரம் இருக்கிறது.

முதலில் பூனைக் கதை. அந்தமான் தீவுகளில் பூனைக் குடும்பத்து விலங்கு ஒன்றுகூட இயற்கையாகக் கிடையாது. புலி, சிறுத்தை இருக்கட்டும், ஒரு காட்டுப்பூனைகூட இல்லை. மரநாய், காட்டுப்பன்றி, எலி, வௌவால் போன்றவைதான். நாயும் அப்படியே. பூர்வகுடிகளின் கைக்கு நாய் வந்ததே 1858க்குப் பிறகுதான். வந்தபின் பன்றி வேட்டைக்கு அதைப் பழக்கிக்கொண்டார்கள். ஆக இங்கே மடியில் ஏறி உட்காரும் ஒவ்வொரு பூனையின் மூதாதையும் நம்மைப் போலவே கப்பலேறி வந்ததுதான் :-)

1789ல் ஆர்ச்சிபால்ட் பிளேர் முதல் குடியேற்றத்தை அமைத்தார். இடம் வடக்கே மாறியது, நோயில் ஆட்கள் மடிந்தார்கள், 1796ல் எல்லாவற்றையும் கைவிட்டுப் போனார்கள். பிறகு 1858 மார்ச் 10ல் டாக்டர் வாக்கர் 200 கைதிகளுடன் வந்து இறங்கினார். அன்று தொடங்கிய காடு வெட்டு பல காலம் நிற்கவில்லை. வெட்டிய இடத்தில் தோட்டம், தோட்டத்தில் நெல், காய்கறி, கூடவே களை. தானிய மூட்டை, வைக்கோல், நாற்றின் வேரில் ஒட்டிய மண் என்று களை விதைகள் கடல் கடக்கும் வழிகள் பல. அவற்றுக்கு யாரும் டிக்கெட் கேட்பதில்லை.

அந்தக் களைக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் நம் குப்பைமேனி. அடர்ந்த காட்டுக்குள் இதற்கு வேலையில்லை. மனிதன் கிளறிய மண், சுவரோரம், குப்பைமேடு, இவைதான் இதன் ஊர். பெயரிலேயே இருக்கிறதே! கொச்சியின் டச்சு அதிகாரி வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த மலபார் தாவர நூலில் இது 'குப்பமேனி' என்றே பதிவானது. 1753ல் லின்னேயஸ் அக்காலிஃபா இண்டிகா என்று பெயர் வைத்தார்.

ஆனால் தமிழில் இதற்கு இன்னொரு பெயர் உண்டு: பூனைவணங்கி. செடியைப் பிடுங்கிப் போட்டால், பூனை வந்து வேரை முகர்ந்து, உரசி, புரண்டு, தலை தாழ்த்திக் கிடக்கும். அதைப் பார்த்துப் பார்த்து நம் முன்னோர் வைத்த பெயர். விஞ்ஞானம் இதற்குப் பதில் சொன்னது 2016ல். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வேரைப் பிரித்துப் பார்த்ததில், பூனையை இழுக்கும் இரண்டு பொருட்கள் கிடைத்தன. கேட்னிப்பின் நெபெட்டலாக்டோனுக்கு அவை நெருங்கிய உறவு. கேட்னிப்பில் வாசம் இலையில், இங்கே வேரில். வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி வளர்ப்பு. கேட்னிப் குளிர்ந்த, வறண்ட இடங்களில் சந்தோஷப்படும் புதினாக் குடும்பத்துச் செடி. விதையைக் குளிரில் வைத்து எடுத்தால் நன்றாக முளைக்கும், வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகும். வருடத்தில் பாதிக்கு மேல் கொட்டும் இந்த மழையில் அதைக் காப்பாற்றுவது பெரும்பாடு. குப்பைமேனிக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. பூங்கதிர் காய்ந்து பழுப்பானதும் காகிதத்தின் மேல் தட்டினால் சிறு விதைகள் உதிரும். மணல் கலந்த மண்ணில் தூவி, மிக மெல்லிசாக மண் போட்டு, வெயில் படும் இடத்தில் வையுங்கள். தொட்டியில் ஓட்டை முக்கியம். செடி வளர்ந்ததும் ஒன்றைப் பிடுங்கி மண்ணை உதறி, பூனை முன் போடுங்கள். எல்லாப் பூனையும் மயங்காது. சிலதுக்கு வாசம் பிடிக்கவே பிடிக்காது, அது பரம்பரை விஷயம்.

ஒரு எச்சரிக்கை. பூனைக்குச் செடி, மனிதருக்கு மருந்து என்று இலையைக் கசாயம் வைத்துக் குடித்துவிடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். இந்தச் செடி சேர்த்த கஞ்சி குடித்தவருக்கு அப்படி நேர்ந்ததை இலங்கை மருத்துவர்கள் 1990களில் பதிவு செய்தார்கள். குறைபாடு இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது.

கடைசியாக, தீவுக்காரர்களுக்கு மட்டும். புதுசாக எதையாவது கொண்டுவந்து விடும் பழக்கத்துக்கு இந்தத் தீவுகள் நிறையவே கொடுத்திருக்கின்றன. ஆங்கிலேயர் வேட்டைக்காக விட்ட புள்ளிமான் காட்டின் இளஞ்செடிகளை மேய்ந்து தீர்க்கிறது. ஜப்பானியர் ஆண்ட 1942-45ல் வந்த ராட்சத நத்தை இன்னும் தோட்டங்களைத் தின்கிறது. மரக் கம்பெனி மூடியபோது இன்டர்வியூ தீவில் விட்டுப்போன யானைகள் காட்டு யானைகளாகி மரங்களை அழித்தன. ஒரு பொட்டலம் கேட்னிப்பும் அப்படியாகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொல்லைப்புறத்தில் நம் பாட்டிமார் பெயர் வைத்த செடி சும்மா நிற்கும்போது கடல் தாண்டி இன்னொரு விதை எதற்கு? அடுத்த முறை களை எடுக்கும்போது குப்பைமேனியை எறியாமல் ஒரு தடவை பூனைக்குக் காட்டுங்கள்.