கரண்ட் இல்லாத லயத்தில் இரும்புக்கை மாயாவி

இரும்புக்கை மாயாவி மறைய வேண்டுமென்றால் கரண்ட் வேண்டும். எங்கேயாவது ஒரு வயரையோ பிளக்கையோ அந்தக் கையால தொட்டு ஷாக் வாங்கணும். உடம்பு மறைஞ்சிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில மிதக்கும். இதை எங்களுக்கு முதன்முதலில் சொன்னது புத்தகம் இல்லை, எங்களில் ஒருத்தருடைய மாமா. நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவர். அவர் அந்தக் கதையைப் படித்தது குப்பி லாம்பு வெளிச்சத்தில். "மாயாவி எங்க லயத்துக்கு வந்திருந்தா மறையவே ஏலாது, அப்பவே மாட்டியிருப்பான்" என்று சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

உண்மையில் "எங்களுக்குப் பிடித்த பத்து கொமிக்ஸ், பத்து கேம்" என்று ஜாலியாக ஒரு பட்டியல் போடத்தான் உட்கார்ந்தோம். (புத்தக அட்டையில் 'காமிக்ஸ்' என்றுதான் இருக்கும். எங்க ஊரில் எல்லாருக்கும் அது 'கொமிக்ஸ்'. நாங்களும் அப்படியே எழுதுகிறோம்.) ஆனால் பட்டியலில் இருந்த ஒவ்வொன்றும் எங்க கைக்கு எப்படி வந்தது என்று பேசத் தொடங்கியதும் பட்டியல் கலைந்துவிட்டது. அது வந்த வழி எல்லாம் மலையகத்தின் வரலாற்றுக்குள்ளே போய் நின்றது.

மாயாவியின் பூர்வீகம் லண்டன். 1962 ஒக்டோபரில் 'வேலியன்ட்' என்ற ஆங்கிலச் சிறுவர் வாரப் பத்திரிகையில் அவன் கதை தொடங்கியது. அங்கே அவன் பெயர் லூயிஸ் கிராண்டல், விஞ்ஞானி ஒருவரின் ஆய்வுகூட உதவியாளன். எழுதத் தொடங்கியவர் கென் புல்மர், வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்தக் கறுப்பு வெள்ளை நிழல்களை இப்போது பார்த்தாலும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. பத்து வருடம் கழித்து, 1972இல், சிவகாசியில் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழாக வந்தது இவன்தான். லூயிஸ் கிராண்டல் என்ற பெயரைச் சொன்னால் தமிழில் யாருக்கும் தெரியாது. இரும்புக்கை மாயாவி என்றால் ஐம்பது வயதுக்காரர் ஒருத்தர் கண்ணை விரித்துப் பார்ப்பார்.

எங்க தோட்டத்துத் தேயிலை ஏலம் போன ஊரும் லண்டன்தான். தேயிலை இங்கிருந்து அங்கே போக, மாயாவி அங்கிருந்து சிவகாசியைச் சுற்றிக்கொண்டு இங்கே வந்திருக்கிறான். ஆனால் நேராக வரவில்லை. அவன் தமிழ் பேசத் தொடங்கிய நேரத்தில் இலங்கையின் கதவு பாதி சாத்தியிருந்தது.

1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. உள்நாட்டு எழுத்தாளர்களுக்கு அது நல்லது செய்தது என்று வகுப்பில் படித்திருக்கிறோம். வீரகேசரி பிரசுரங்கள் செழித்ததை அதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்தைப் பற்றித் தோட்டத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். சஞ்சிகை பற்றி யாரும் பேச மாட்டார்கள். 1973, 74இல் மாவும் அரிசியும் இல்லாமல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்ததைத்தான் சொல்வார்கள். எங்க அப்பாயிமார் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் குரலே மாறிவிடும். அந்த நேரத்தில் கொமிக்ஸ் வரவில்லையே என்று கவலைப்பட லயத்தில் யாருக்கும் தெம்பு இருந்திருக்காது.

இன்னொரு விஷயம் எங்களை ரொம்ப நேரம் உட்கார்ந்து யோசிக்க வைத்தது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பிரித்துக்கொண்டன என்று எழுதும்போதே ஒரு மாதிரி இருக்கிறது, தேயிலைப் பெட்டிகளைப் பங்கு போட்ட மாதிரி. எழுபதுகள் முழுக்க ஹட்டன், தலவாக்கலை ஸ்டேஷன்களில் இருந்து ஆட்கள் கோச்சி ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்கினார்கள். வழியனுப்ப வந்தவர்களின் அழுகைச் சத்தத்தால் அதற்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர். அதாவது, தமிழ்நாட்டில் அச்சாகிற படக்கதையை இங்கே வரவிடாத அதே வருடங்களில், இங்கே இருந்த வாசகனைக் கப்பல் ஏற்றித் தமிழ்நாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் போய்ச் சேர்ந்த பிள்ளைகளில் யாராவது அங்கே முத்து காமிக்ஸ் வாங்கிப் படித்திருப்பார்களா? படித்திருந்தால், மாமாவுக்குப் பத்து வருடம் முந்தியே படித்திருப்பார்கள்.

அந்தக் காலத்தில் நாட்டுக்குள்ளே படக்கதை இல்லாமல் இல்லை. சிங்களத்தில் ஜி. எஸ். பெர்னாண்டோவின் 'நீலா' 1951லேயே 'லங்காதீப'வில் வந்துவிட்டது. கமிலஸ் பெரேராவின் கஜமன் இன்றைக்கும் வாழ்கிறான், 2023இல் படமாகவும் வந்தான். தமிழில் 'சிரித்திரன்' சுந்தரின் சவாரித்தம்பர் இருந்தார். எங்களுக்கு அவரைப் பிடிக்கும், ஆனால் அவர் யாழ்ப்பாணத்து ஆள். அவர் பேச்சு, அவர் வீடு, அவர் வேலி எல்லாம் வேற. கொழுந்துக்கூடையும் கம்பளிப் படங்கும் ஒரு கட்டத்துக்குள் வந்த படக்கதை எதையும் நாங்கள் கண்டதில்லை.

1977 எங்களுக்கு முக்கியமான வருடம். பொதுவாக எல்லாரும் அதைத் திறந்த பொருளாதாரம் வந்த வருடம் என்று சொல்வார்கள். இந்தியப் புத்தகங்கள் திரும்ப வரத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். ஆனால் அதே வருடம் இன்னொன்றும் தொடங்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுக்க ஆரம்பித்தது. அதுவரை தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு அறை, ஒரு வாத்தியார், கூடிப்போனால் ஐந்தாம் வகுப்பு. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் மாமாவின் கதை புரிகிறது. வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளும் வாசிக்க மலிவான புத்தகமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் மலைக்கு வந்து சேர்ந்தன.

1984 ஜூலையில் சிவகாசியில் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் நாயகி மாடஸ்டி. அதே மாதம் தினத்தந்தி குழுமம் ராணி காமிக்ஸைக் கொண்டுவந்தது, முதல் நாயகன் ஜேம்ஸ் பாண்ட். மாமா சொல்வதைப் பார்த்தால், ஹட்டன் டவுனில் யாரோ ஒருத்தர் வாங்கிய ஒரு புத்தகம் தோட்டத்துக்கு வந்தால் மூன்று லயத்தைச் சுற்றிவிட்டுத்தான் ஓயும். அட்டை முதலில் போகும், பிறகு கடைசிப் பக்கம். கடைசிப் பக்கம் இல்லாத கதைக்கு முடிவை இவர்களே இட்டுக்கட்டிச் சொல்வார்களாம். பல வருடம் கழித்து உண்மையான முடிவைப் படித்தபோது தன்னுடைய முடிவுதான் நல்லாயிருந்தது என்பது மாமாவின் அபிப்பிராயம். மாயாவி என்ற பெயரிலும் ஒரு குழப்பம் இருந்திருக்கிறது. ராணி காமிக்ஸில் மாயாவி என்றால் முகமூடி போட்ட பேண்டம், முத்துவில் மாயாவி என்றால் இரும்புக்கை. "எந்த மாயாவி?" என்று கேட்டுத்தான் புத்தகம் மாற்றுவார்களாம்.

வீடியோ கேம் வரலாற்றில் ஒரு திகதி உண்டு: 1983 ஜூலை 15. நிண்டெண்டோ கம்பனி ஜப்பானில் பேமிகொம் பெட்டியை விற்பனைக்கு விட்ட நாள். மரியோவும் கொன்ட்ராவும் உலகத்தின் வீடுகளுக்குள் புகுந்தது அந்தப் பெட்டி வழியாகத்தான். அந்த ஜூலை ஜப்பானுக்கு அப்படி. எங்களுக்கு? ஒன்பது நாள் கழித்துக் கொழும்பில் தொடங்கிய தீ, அந்த வாரத்துக்குள் கண்டி, பதுளை, நுவரெலியா நகரங்களில் இருந்த தமிழர் கடைகளுக்கும் வந்துவிட்டது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, தெரியும். ஆனால் கேம் வரலாறு சொல்லும் எந்த யூடியூப் வீடியோவிலும் '1983 ஜூலை' என்று திரையில் விழும்போது எங்களால் அந்த நாளை மட்டும் பார்த்துவிட்டுப் போக முடிவதில்லை.

சரி, கரண்டுக்கு வருவோம். அதுதான் இந்தக் கதையின் வில்லன்.

ஹட்டனில் இருந்து நோர்வூட் போகிற ரோட்டில் காசல்ரீ நீர்த்தேக்கம் வரும். அந்தத் தண்ணீர் மலைக்குள்ளே போய் நோர்ட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுற்றுகிறது. 1965இல் இருந்து 50 மெகாவாட். அதற்கும் முந்தி 1950லேயே லக்சபான மின்நிலையம் ஓடத் தொடங்கிவிட்டது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா டவுனே தண்ணிக்குள் போனது. இந்த நாட்டின் பெரிய நீர்மின்சாரம் பிறந்த மலை இது. டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். ஆனால் அந்தக் கம்பிகள் லயத்துக்கு மேலாகப் போய்க் கொழும்பில் இறங்கின. துரை பங்களாவிலும் ஸ்டோரிலும் பல்ப் எரிந்தது. பெரும்பாலான லயங்களில் குப்பி லாம்புதான். பல தோட்டங்களில் லயத்துக்குக் கரண்ட் வந்தது தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும்தான். மாயாவி தொடுவதற்கு வயர் தலைக்கு மேலே போய்க்கொண்டுதான் இருந்தது, எட்டத்தான் இல்லை.

அதற்காக ஆட்கள் சும்மா இருக்கவில்லை. கார் பெட்டரியில் கறுப்பு வெள்ளை டிவி ஓடியது. பெட்டரியைத் தோளில் தூக்கி டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜ் பண்ணிக்கொண்டு வரணும். ஞாயிற்றுக்கிழமைப் படம் முடிவதற்குள் படம் சுருங்கிச் சுருங்கி ஒரு கோடாகிவிடும். கிளைமேக்ஸைக் காதால் கேட்டவர்கள் இந்த மலையில் நிறையப் பேர்.

பிறகு கரண்ட் வந்தது, எங்க காலமும் வந்தது. எங்களில் சிலர் தொட்ட முதல் கேம், ஜப்பான் பெட்டியைப் பார்த்துச் செய்த மலிவான 'டிவி கேம்'. கெசட்டில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது பத்துப் பன்னிரண்டு கேம்தான், அதே மரியோ வேற வேற நம்பரில் வருவான். கெசட் வேலை செய்யாவிட்டால் ஊதணும், அது உலகப் பொது விதி போலிருக்கு. லயத்தில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் போதும், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள் பதினைந்து பிள்ளைகள் இருப்போம். கொன்ட்ராவில் முப்பது உயிர் எடுக்கிற அந்த மேலே மேலே கீழே கீழே ரகசியத்தைத் திருக்குறள் மாதிரி மனப்பாடம் பண்ணியிருந்தோம். அதில் எங்களுக்குக் கூச்சமே இல்லை. பெரட்டுக்குப் போய் வந்த அம்மாமார் "கரண்ட் பில்லு யாரு கட்டுறது?" என்று கத்தும்வரை ஆட்டம் ஓடும்.

2020 வேற கதை. கொரோனாவில் பாடசாலை மூட, ஓன்லைன் வகுப்புக்கு என்று கடன்பட்டு வாங்கிய போன் பல லயங்களுக்கு முதல் ஸ்மார்ட் போன். சிக்னல் கிடைக்கிற இடம் தேயிலை மலை உச்சி. வகுப்பு முடிந்ததும் (சில நேரம் வகுப்பு நடக்கும்போதே, மன்னிக்கணும்) அதே உச்சியில் ப்ரீ ஃபயர். அங்கேதான் முதல் தடவையாகத் தமிழ்நாட்டுப் பையன்களோடு நேராகப் பேசினோம். "எந்த ஊரு ப்ரோ?" "சிலோன்." "ஓ, யாழ்ப்பாணமா?" "இல்ல, நுவரெலியா." "அங்க தமிழ் ஆளுங்க இருக்காங்களா?" இந்தக் கேள்வியை எங்களில் நாலு பேர் தனித்தனியாக, நாலு வேற வேற ஆட்டத்தில் கேட்டிருக்கிறோம். கேட்டவர்கள் மேல் கோபமில்லை. அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அதில் ஒருத்தன் கூடலூர்க்காரன். அவனுடைய தாத்தா பிறந்தது பொகவந்தலாவையில் என்று அவனே பிறகு சொன்னான். அன்றைக்கு ஆட்டம் தோற்றுப்போச்சு, இரண்டு பேரும் சுடாமல் பேசிக்கொண்டே இருந்ததால்.

2022இல் கரண்டும் போனது, பேப்பரும் போனது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டு. பேராதனையில் விடுதியில் இருந்த எங்களுக்கு உலகம் முடிந்த மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போன் எடுத்தால் அம்மா சாதாரணமாக, "குப்பி லாம்ப எடுத்துத் தொடச்சு வச்சிருக்கேன்" என்கிறார்.

2023இல் 'வெண்பா' வந்தது. டொரொண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 1988இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் கொப்பி, இட்லி, புட்டு. அடுத்த வருடம் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதும் கிடைத்தது. விடுதியில் ஒரே லேப்டொப்பில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து விளையாடினோம். சமையல் குறிப்பில் எழுத்து அழிந்த இடங்களை நாமே கண்டுபிடித்து அடுக்கணும். எங்களில் ஒருத்தி அந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டாள். அவளுடைய அம்மாயியின் அக்கா 1970களில் கப்பல் ஏறியவர். அவர் கையெழுத்தில் மிச்சமிருப்பது ஒரு கடிதத்தின் பாதிதான்.

பட்டியலை மாமாவிடம் கேட்டோம். "இரும்புக்கை மாயாவி, அப்புறம் டெக்ஸ், அப்புறம் யோசிக்கணும்" என்றார். லயன் - முத்து புத்தகங்கள் இப்போது பெரிய கலர் இதழ்களாக வருகின்றன என்று போனில் காட்டினோம். இந்திய விலையை நம்ம ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கடைசிப் பக்கத்த மட்டும் இன்னொருக்கா காட்டு" என்றார்.