மணப்பாட்டில் "வேணும்", ஜப்பானில் "தைநிச்சி"

உடன்குடின்னதும் எல்லாருக்கும் கருப்பட்டிதான் ஞாபகம் வரும். இன்னிக்கு எழுதப்போறது வேற. ஒரு ஸ்பானியர் ஜப்பானிய மொழிக்கு ஆள் தேடின கதை. நம்ம ஊருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க. பக்கத்துல கடலோரம் இருக்கிற மணப்பாட்டுல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

சவேரியார் இன்றைய ஸ்பெயினில் உள்ள நவார் பகுதிக்காரர். 1542-ல் கோவாவுக்கும், அதே வருஷம் முத்துக்குளித்துறைக்கும் வந்தார். தமிழ் சுத்தமா தெரியாது. கோவாவில் படிச்ச, தமிழ் தெரிஞ்ச மாணவர்கள் கூட வந்தாங்க. தூத்துக்குடியில் மாசக்கணக்கா உக்காந்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் பண்ணி, ஊர் ஊரா சொல்லிக் கொடுத்தார்.

1544-ல் கூட்டாளி மான்சிலாசுக்கு அவர் எழுதின கடிதங்கள்தான் சுவாரஸ்யம். ஒண்ணுல, விசுவாசப் பிரமாணத்தைத் திருத்தச் சொல்றார். 'நம்புகிறேன்' வரவேண்டிய இடத்துல 'எனக்கு வேணும்'னு இருந்திருக்கு! அதை எடுத்துட்டு 'விசுவாசம்'ங்கிற சொல்லைப் போடச் சொல்றார். அதுவரைக்கும் ஜனங்க கடவுளை 'வேணும் வேணும்'னு கேட்டுட்டு இருந்திருப்பாங்க போல. இன்னொரு கடிதத்துல, மொழிபெயர்க்கிறவர் மணப்பாட்டுல நோயில் படுத்துட்டதால, தான் பேசுறது யாருக்கும் புரியல, அவங்க பேசுறது தனக்கும் புரியலன்னு புலம்பல்.

இவ்வளவு பட்டவர் ஜப்பானுக்கு எச்சரிக்கையாத்தான் கிளம்பினார். 1547-ல் மலாக்காவில் கிடைச்சவர் அஞ்ஜிரோ, சத்சுமாக்காரர், போர்ச்சுகீசு கொஞ்சம் பேசுவார். அவரைக் கோவாவில் படிக்க வச்சாங்க. அங்கே 1548-ல் லான்சிலோட்டோ என்ற பாதிரியார் அவரைக் கேட்டுக் கேட்டு, ஜப்பானின் அரசர்கள், மடங்கள், வழக்கங்கள் பத்தி ஒரு அறிக்கை எழுதினார். இப்போ களஆய்வுன்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அதேதான், ஒரே ஒரு ஆளை மட்டும் நம்பி.

சிக்கல் அங்கேதான். அஞ்ஜிரோவுக்கு ஊர்ப்பேச்சு தெரியும், பௌத்த நூல்கள் தெரியாது. 1549 ஆகஸ்ட் 15 அன்னிக்கு ககோஷிமாவில் இறங்கினதிலிருந்து கடவுளைத் 'தைநிச்சி'ன்னே சொல்லிட்டிருந்தாங்க. அது ஷிங்கோன் பிரிவு வணங்கும் புத்தரின் பெயர்! 1551-ல் யமகுச்சியில் பிக்குகளோட பேசிப் பார்த்த பிறகுதான் சவேரியாருக்கு விளங்குச்சு. தைநிச்சியை வணங்காதீங்கன்னு தெருவில் போய் சொல்லச் சொன்னார். லத்தீன் 'தேயுஸ்' சொல்லையே வச்சுக்கிட்டாங்க. பிக்குகள் விட்டாங்களா? அதை 'தாய் உசோ', அதாவது பெரும் பொய்னு கிண்டலடிச்சாங்க.

தெருவில் அதைச் சொல்லப் போனவர் ஹுவான் பெர்னாண்டஸ், கொர்தோபா ஊர்க்காரர். என் கணக்கில் முதல் உண்மையான ஸ்பானிஷ்-ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் இவர்தான். வாலென்சியாக்காரர் கொஸ்மே தெ தோரஸ் யமகுச்சியில் பிக்குகளோட வாதம் பண்ணினப்போ இவர்தான் நடுவுல நின்னார். யார் என்ன கேட்டாங்க, என்ன பதில்னு ஸ்பானிஷ்ல எழுதியும் வச்சார். ஆன்மா உண்டா, கடவுள் நல்லவர்னா தீமை எப்படி வந்துச்சுன்னு பிக்குகள் கேட்ட கேள்விகள் அதனாலதான் நமக்குத் தெரியுது.

நம்ம கடற்கரையிலும் இதேதான் நடந்துச்சு. அன்றீக்கே அன்றீக்கஸ் மொழிபெயர்க்கிறவங்களை விட்டுட்டு தானே தமிழ் படிச்சு, இலக்கணம் எழுதி, 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சடிச்சார். கடவுளுக்கு அவர் போட்ட சொல்லைத் தலைப்பிலேயே பாருங்க. பெர்னாண்டஸ் திரும்பிப் போகவே இல்லை. 1567-ல் ஹிராதோவில் காலமானார்.